பூனை முகம் போட்ட பம்பு

"அப்பா, செத்துப்போன பம்பெல்லாம் எங்கப்பா போகும்?"

கேட்டவள் குட்டிம்மா. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. எதைக் கண்டாலும் அது செத்த பிறகு எங்கே போகும் என்று விசாரிக்கிற வயது. வாசலில் விரித்த சாக்கின்மேல், அப்பாவின் பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய டீசல் பம்பு கிடந்தது. டாங்கிலிருந்து வரும் டீசலை அளவாகப் பிடித்து, அழுத்தம் கொடுத்து எஞ்சினுக்குள் பீய்ச்சுவது அதன் வேலை. அந்த வேலையை அது செய்ய மறுக்கிறது என்று குற்றம் சாட்டித்தான் கழற்றியிருந்தார்கள். பெரியவர்கள் புதுப் பம்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குட்டிம்மா ஓர் ஆணியை எடுத்து அதன் வயிற்றில் பூனை முகம் ஒன்றைக் கீறிவிட்டாள். வட்ட முகம், இரண்டு காது, மீசை. ஒரு பக்கத்து மீசை கோணிக்கொண்டுவிட்டது. போகிற இடத்தில் அதற்குத் துணை வேண்டுமல்லவா?

"மெக்கானிக் மாமா எடுத்துட்டுப் போயிடுவார்டா செல்லம்."

"எடுத்துட்டுப் போய்?"

"நல்ல இடத்துல விட்டுடுவார்."

பதில் தெரியாதபோது குழந்தையிடம் சொல்கிற சின்னப் பொய்தான். ஆனால் அப்படிப்பட்ட பொய்களுக்கு ஞாபகசக்தி அதிகம். சொன்னவரை ஒருநாள் வீடு தேடி வரும். இந்தப் பொய் வண்டியிலேயே ஏறி வந்தது.

அப்பாவை அந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிதானம் என்றால்தான் தெரியும். எதையும் நிதானமாகச் செய்வார்; செய்து முடித்ததும் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவார். டிவி ரிமோட்டுக்கு உறை. அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் இன்னோர் உறை. சோபாவோடு வந்த பிளாஸ்டிக் தாளை இன்றுவரை பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் விருந்தாளி எழுந்தால் தாளும் கூடவே எழுந்து வாசல்வரை வழியனுப்பப் பார்க்கும். ஒருமுறை புதுக் குடை நனைந்துவிடுமே என்று அதைப் பையில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார்.

"என்னையும் ஒரு பையில போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருப்பார். நான் கொஞ்சம் பெரிய சைஸா இருந்ததால தப்பிச்சேன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

வேலை, குடிதண்ணீர் கேன் போடுவது. காலையில் தண்ணீர்க் கம்பெனியின் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வீடுகள், அலுவலகங்கள், கடைசியில் ஆஸ்பத்திரிச் சமையல்கூடம். இந்தக் கடைசிதான் முக்கியம். மற்றதெல்லாம் சில்லறை. ஆஸ்பத்திரி என்கிற ஓரிடத்தால்தான் வண்டியும் ஓடியது, வீடும் ஓடியது.

ஏற்றும்போது கேன்கள் ததும்பும். ததும்பிய தண்ணீர் வண்டியின் பக்கவாட்டில் வழிந்து, சரியாக டீசல் டாங்க் மூடியின் தலையில்தான் விழும். ஒருதரம் அப்படி உள்ளே இறங்கி, டீசலோடு கலந்து, எஞ்சின் நாள் முழுக்க இருமிக்கொண்டே ஓடியது. நிதானம் சும்மா இருப்பாரா? கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து மூடிக்கு மேல் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். பிறகு முற்றத்தில் இருந்த டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒரு சொட்டு உள்ள போகாது. பந்தயம் வேணா கட்டுங்க."

"கழுத்துல சுருக்குப் போட்ட மாதிரி இருக்கேப்பா!"

இப்படிச் சொன்னது பீரங்கி. இன்னொரு பிக்கப்பின் சொந்தக்காரர். மெதுவாகப் பேசுவது என்பது அவர் தொண்டைக்குத் தெரியாது. அவர் 'குட்மார்னிங்' சொன்னால் பக்கத்துத் தெருவில் நாய் குரைக்கும். முற்றத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதை எல்லோருக்கும் ஒலிபரப்புவது தன் பிறவிக் கடன் என்று நினைத்திருந்தார்.

"சுருக்கில்லண்ணே, பாதுகாப்பு" என்றார் நிதானம். ஓடி முடித்து வந்து பார்த்தால் பை மூடியோடு ஒட்டி, பல் போனவர் கன்னம்போல உள்வாங்கியிருக்கும். அதையும் காட்டிப் பெருமைப்பட்டார். "பாத்தீங்களா, எப்படிப் பிடிச்சிருக்கு! சாதாரணப் பையா இருந்தா இப்படி ஒட்டுமா?"

அந்த வாரத்திலிருந்துதான் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது.

காலையில் நன்றாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கும், முக்கும், முனகும், நடுத்தெருவில் நின்றுவிடும். சற்று நேரம் சும்மா விட்டால், எதுவுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். டாங்கை நிரப்பிய நாளில் சேட்டை இன்னும் அதிகம்.

நிதானம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது பம்பு டாக்டரிடம். டீசல் பம்புகளுக்கென்றே பட்டறை வைத்திருந்ததால் வந்த பட்டம். பட்டறைக்குள் நுழைந்தாலே கண்ணில் படுவது 'உழைப்பும் உண்மையும்' என்று எழுதிய பெரிய பலகை. அதற்குக் கீழேதான் அவர் நாற்காலி. இரண்டு சொல்லையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

அவர் வைத்தியம் பார்க்கும் அழகே தனி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிடக் கூடாது. பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து, நெருங்கிய உறவுக்காரருக்குச் செய்தி சொல்லுகிற குரலில் சொல்லுவார்:

"பம்பு போச்சு தம்பி."

எந்த வண்டிக்கும் அவர் வேறு தீர்ப்புச் சொன்னதாகக் கேள்வியில்லை. ஒருமுறை ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவரிடமும் அதையே சொன்னாராம்.

"மாத்தினா சரியாயிடுமாண்ணே?"

"கடவுள் சத்தியமா! புத்தம் புதுசு, டப்பா பிரிக்காதது. பழசை என்கிட்ட விட்டுடு. அந்தச் சனியன் உன் வீட்டுல கிடக்க வேண்டாம்."

கடவுளை அவர் அடிக்கடி சாட்சிக்குக் கூப்பிடுவார். கடவுள் ஒருநாள்கூட வந்து மறுத்துச் சொன்னதில்லை. அந்தப் பொறுமையை டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்படித்தான் முதல் பம்பு, டாக்டர் அனுப்பிய ஆளால் நிதானத்தின் வீட்டு வாசலில் வைத்தே கழற்றப்பட்டு, பூனை முகத்தோடு டாக்டர் பட்டறைக்குப் போனது. வெள்ளி நிறத்தில் மின்னுகிற புதுப் பம்பு அதனிடத்தில் உட்கார்ந்தது. டாங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டரின் ஆள் உறையைப் பிய்த்து எறிந்திருந்தான். வண்டி கிளி மாதிரி ஓடியது. டீசல் நிரப்பினார் நிதானம், புதுப் பை எடுத்தார், புது டியூப் கிழித்தார், முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார். அடுத்த நாள் வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்றது.

மறுபடி ஸ்க்ரூடிரைவர், மறுபடி மூடிய கண்.

"தம்பி, உன் வண்டிக்கு சாதாரணப் பம்பு ஒத்துக்கல. ஏற்றுமதிக்குன்னு செஞ்சது ஒண்ணு வச்சிருக்கேன். யாருக்கும் குடுக்கறதில்ல. உன் முகத்தைப் பாத்துத் தர்றேன்."

அதுவும் வெள்ளி நிறம்தான். இன்னும் கொஞ்சம் தடிப்பாக மின்னியது. அதுவும் சில நாள் ஓடியது. அடுத்த பை கட்டியதும் நின்றது.

"சூடு தாங்கல போல. நின்னா பம்பு மேல பச்சைத் தண்ணி ஊத்து" என்று போனிலேயே மருந்து எழுதினார் டாக்டர்.

அன்றிலிருந்து நிதானம் நின்ற இடத்திலெல்லாம் பானட்டைத் திறந்து, சுத்திகரித்த குடிதண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றினார். ஊற்றி, காத்திருந்து, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். தண்ணீர்தான் வேலை செய்கிறது என்று நம்பினார். கிளப்பியது காத்திருந்த நேரம் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிய இருந்தது. கடைசி வீட்டுக்குப் போகும்போது கேன் குறையும்.

"வண்டி குடிச்சிடுச்சுங்க" என்று அசடு வழிந்தார்.

பீரங்கிக்கு இது போதாதா? காலையில் முற்றத்தில் நிதானம் நுழைந்ததும் வெடிக்கும்.

"வாங்க மாப்ள! குழந்தை என்ன சொல்லுது? குளிப்பாட்டியாச்சா? பவுடர் போட்டாச்சா? எல்லாரும் வழி விடுங்கப்பா, உடம்பு சரியில்லாத வண்டி வருது!"

முற்றமே சிரிக்கும். நிதானமும் கூடச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை. சமையல்கூடத்து மேற்பார்வை அம்மா கையில் கரண்டியோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, உள்ள படுத்திருக்கறவங்களுக்கு மாத்திரை முழுங்கத் தண்ணி இல்லாம, இன்னிக்கும் குழாய்த் தண்ணியக் காய்ச்சி ஆறவச்சுக் குடுத்திருக்கேன். உன் பம்பு கதையைக் கேட்டா அவங்களுக்குத் தாகம் அடங்குமா? நீ நல்லவன்தான், எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா, அந்தச் சத்தமாப் பேசுவாரே, அவருக்கு இந்த வேலையைக் குடுத்துடுவேன். அவர் வண்டி நிக்கறதில்லையாமே."

நிதானம் கையைப் பிசைந்துகொண்டு தலையாட்டினார். ஆஸ்பத்திரி போனால் பிறகு வண்டி எதற்கு? பளபளவென்று பம்பு வைத்த வண்டியை வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம்.

அந்த 'இன்னொரு தடவை' அதே வாரத்தில் வந்தது. நெடுஞ்சாலை ஓரம், நிழலே இல்லாத இடம், வண்டி நிறைய கேன். தண்ணீர் ஊற்றினார், தட்டினார், திட்டினார், கும்பிட்டார். அசையவில்லை. போன் எடுத்துச் சமையல்கூடத்துக்குச் சொல்லலாமென்றால், உறைக்குள் உறையாக இருந்த போன் வெயிலில் வெந்து அணைந்துபோயிருந்தது. எதிர்த்திசையில் ஒரு பிக்கப் விர்ரென்று போனது. ஹாரன் சத்தத்திலேயே தெரிந்தது, பீரங்கி.

"என்ன மாப்ள, இங்கயே கடை போட்டுட்டியா?" என்ற குரல் வண்டியைவிட வேகமாய்ப் போய் மறைந்தது.

நாளை காலைவரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டார் நிதானம். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வேளையும் தாண்டியது. ஒருவழியாக வண்டி மனமிரங்கிக் கிளம்பியபோது, கிளம்பி என்ன பிரயோசனம் என்றுதான் இருந்தது. மேற்பார்வை அம்மா சொல்லப்போகிற 'இனி வராதே'யை நேரிலேயே கேட்டுவிட்டு வந்துவிடலாமென்று ஓட்டினார்.

சமையல்கூடத்து வாசலில் கேன்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"இன்னிக்கு மட்டும் எப்படிப்பா நேரத்துக்கு அனுப்பின?" என்றார் மேற்பார்வை அம்மா.

"நானாம்மா?"

"நீ அனுப்பினதாச் சொல்லித்தானே அந்தச் சத்தக்காரக் கூட்டாளி இறக்கிட்டுப் போனார்? உனக்கு வேற வேலை வந்துடுச்சாம், அவசரமாம். மனுஷர் இன்னிக்கு எவ்வளவு மெதுவாப் பேசினார் தெரியுமா! உள்ள நோயாளிங்க தூங்கறாங்களேன்னு காதுகிட்ட வந்து சொன்னார்."

பீரங்கியா? தன் சரக்கை இறக்கி, தன் வாடிக்கைக்கு லேட்டாகி, கையில் வந்து விழ இருந்த ஆஸ்பத்திரியைத் தள்ளிவிட்டு, அதுவும் அடுத்தவர் பெயரில்! அந்தத் தொண்டைக்கு மெதுவாகவும் பேசத் தெரியும் என்பதே அன்றுதான் வெளியே வந்தது.

மறுநாள் காலை, தன் பங்குக் கேன்களில் அதே அளவை எடுத்துப் பீரங்கியின் வண்டியில் சத்தமில்லாமல் ஏற்றினார் நிதானம்.

"எவன்டா என் வண்டியில கேனை ஏத்தினது?" என்று முற்றம் அதிர்ந்தது.

"நான்தாண்ணே. நேத்து நீங்க..."

"நேத்து என்ன? நேத்து எனக்குப் பல்வலி, வாயே திறக்கல" என்றார் பீரங்கி. பிறகு முற்றத்தைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களாப்பா, நம்ம மாப்ள நெடுஞ்சாலையில புது கிளை திறந்திருக்கார்! வண்டி நகராத கடை!" என்று தொடங்கிவிட்டார்.

கேன் கணக்கு தீர்ந்தது. மற்றது தீரவில்லை. நன்றியை வாங்கிக்கொள்ளாதவரிடம் என்னதான் செய்வது? நல்லது செய்ததை ஒளித்துவைக்க இவ்வளவு சத்தம் போடுகிற ஆளை நிதானம் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் மனசில் அது ஒரு முள்ளாக நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பானட்டைத் திறந்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். குட்டிம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கை தட்டினாள்.

"அப்பா! நம்ம பூனை!"

தினமும் ஊற்றிய தண்ணீரும், சுற்றிலும் கசிந்த டீசலும் சேர்ந்து ஏற்றுமதிப் பம்பின் வெள்ளிப் பூச்சைத் தோல் தோலாக உரித்திருந்தன. உரிந்த இடத்தில் வட்ட முகம், இரண்டு காது, கோணல் மீசை.

"நல்ல இடத்துக்குப் போகும்னு சொன்னீங்களே, திரும்பி வந்துடுச்சு" என்றாள் குழந்தை, மகிழ்ச்சியோடு.

அவர் மனைவி வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"செத்துப்போய், குளிச்சு, சாயம் பூசிக்கிட்டு, நம்ம வீட்டுக்கே மறுபிறவி எடுத்து வந்திருக்கு. புண்ணியம் பண்ண பம்பு! நீங்களும் ஏற்றுமதி ஏற்றுமதின்னு அதுக்கு உறை வேற போடப் பாத்தீங்க."

நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாக நிதானத்தை விட்டார். சாவியை எடுத்தார், பட்டறையை நோக்கி வண்டியை விரட்டினார். 'எல்லார் முன்னாடியும் கேக்கறேன், அந்தப் பலகைக்குக் கீழேயே வச்சு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்' என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஒத்திகை உச்சத்தில் இருந்தபோது வண்டி நின்றது.

ஞாயிறு மதியம். தெருவில் ஈ காக்கை இல்லை. 'பம்பே பழசு, டீசலாவது டீசல்தானா?' என்ற ஆத்திரத்தில் டாங்க் பக்கம் போனார். உள்வாங்கி ஒட்டியிருந்த பையை, வழக்கம்போலப் பதமாக அவிழ்க்காமல், வெறிபிடித்தாற்போல் கிழித்து இழுத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமான ஒரு மூச்சு. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தவன் தலையை வெளியே நீட்டியதுபோல மூடியின் சின்னத் துளை வழியாக டாங்க் காற்றை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.

நிதானம் கையில் கிழிந்த பையோடு நின்றார். சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது. இறங்கிவந்து, மிச்சப் பையை மறுபடி இறுக்கிக் கட்டினார், தெருத் தெருவாகச் சுற்றினார். நின்றது. அவிழ்த்தார். ஸ்ஸ்ஸ். கிளம்பியது.

எவ்வளவு டீசல் வெளியே போகிறதோ, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. காற்று வரும் ஒரே துளையின் கழுத்தைத்தான் அவர் அன்போடு நெரித்துவைத்திருந்தார். நின்று காத்திருந்தபோதெல்லாம் கட்டின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே குறைவு. அதனால் அன்றைக்குச் சீக்கிரமே மூச்சடைத்தது. டாக்டரின் ஆள் பையைப் பிய்த்து எறிந்தபோதெல்லாம் பம்புக்குக் குணமாகியிருக்கிறது. அந்தப் பெருமையை டாக்டர் வாங்கிக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நிதானம் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு அது சிரிப்பா என்று அவருக்கே சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் பட்டறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் டாக்டருக்குக் கூட்டம். வண்டிக்காரர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"வா தம்பி, என்ன, மறுபடியும் பம்பா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் வந்து பாருங்க. பம்புல பூனை இருக்கு."

டாக்டர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான் தடுமாறினார். பெரிய வைத்தியர்கள் அப்படித்தான்.

"அது கம்பெனி முத்திரை தம்பி."

"மீசை கோணலா?"

"ஏற்றுமதி மாடல். வெளிநாட்டுக்காரன் ரசனையே தனி."

"என் பொண்ணு ஆணியால கீறினதுண்ணே. முதல்ல கழட்டினீங்களே, அந்தச் சனியன்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சரி, இப்ப என்ன? பம்பு ஓடுதா இல்லையா?"

"நல்லா ஓடுது. அதுதான் என் கஷ்டமே. கெடாத பம்பைக் கெட்டதுன்னு சொன்னீங்க. அதே பம்பைப் புதுசுன்னு குடுத்தீங்க. ரெண்டு பொய்யும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டதுல எனக்கு என் நல்ல பம்பு திரும்பக் கிடைச்சிடுச்சு. திட்டணும்னுதான் வந்தேன். ஆனா முட்டாள்தனத்துல பாதி என்னோடது. பாதித் திட்டுதான் திட்ட முடியும். அதுவும் வழியிலேயே தீர்ந்துபோச்சு."

சொல்லிவிட்டு பானட்டை மூடினார். அவர் கத்தியிருந்தால் டாக்டரும் கத்தியிருப்பார்; கடவுளைக் கூப்பிட்டிருப்பார்; விஷயம் சந்தைச் சண்டையாக முடிந்திருக்கும். இந்தச் சாந்தமான பேச்சுக்கு அவரிடம் மருந்தில்லை. பெஞ்சின் ஓரத்தில், மடியில் புது வெள்ளிப் பம்பை வைத்திருந்த வேன்காரர் ஒருவர், பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்தார். பம்பின் பூச்சை மெல்லச் சுரண்டினார். பக்கத்தில் இருந்தவரும் தன் சாவியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் 'உழைப்பும் உண்மையும்' பலகைக்குக் கீழே, பேச்சு மூச்சில்லாமல், சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. உண்மையை அந்தப் பட்டறையில் அவ்வளவு உழைப்போடு தேடியது அதுவே முதல் தடவை.

டாக்டர் கடையை மூடிவிடவில்லை. சில நாளில் அதே இடத்தில் 'புதிய நிர்வாகம்' என்று பலகை வந்தது. நாற்காலியில் அவருடைய மச்சான் உட்கார்ந்தார். டாக்டர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். பம்புகளுக்கு இப்போது பச்சை நிறம்.

நிதானம் வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"பம்பு பம்பா மாத்தினீங்க, ஒரு பிளாஸ்டிக் பையைக் கழட்டிப் பாக்கத் தோணலையே!" என்று மனைவி சிரித்ததில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் சோபாவின் தாளைப் பிரித்து எறிந்தாள். அவர் அதை எடுத்து மடித்துவைக்கப் போகவில்லை.

டாங்க் மூடியின்மேல், பைக்குப் பதிலாக, உடைந்த கேனின் ஒரு துண்டைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டினார். தண்ணீர் வழுக்கிப் போனது. காற்று கீழே தாராளமாகப் போய் வந்தது. வண்டி நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் மேற்பார்வை அம்மா கரண்டியில்லாமல் வரவேற்றார். முற்றத்தில் 'அந்த வெள்ளிப் பம்பு ராசியானதுப்பா' என்று பேசிக்கொண்டார்கள். வாய்திறந்து திருத்த அவருக்குக் கூச்சமாயிருந்தது. இவ்வளவு நாள் சிரித்தது போதாதா?

அந்தக் கூச்சத்துக்கு விலை வேறொருவர் கொடுத்தார்.

ஒரு காலையில் முற்றம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. பீரங்கியின் வண்டி முந்தின நாள் நடுவழியில் இரண்டுமுறை நின்றிருக்கிறது. அன்றைக்கும் வரும் வழியில் நின்று, தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பீரங்கி வண்டிமேல் சாய்ந்து, வாயே திறக்காமல் நின்றிருந்தார்.

"என்னாச்சுண்ணே?" என்றார் நிதானம்.

"பம்பு போச்சாம்" என்றார் பீரங்கி, சாதாரண மனிதர் குரலில். "புதிய நிர்வாகத்துல காட்டினேன். நாளைக்குப் பச்சைப் பம்பு மாட்டச் சொல்லியிருக்கான். பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல."

நிதானத்தின் கண் தானாக டாங்க் பக்கம் போனது. கனமான பிளாஸ்டிக் பை. ரப்பர் பேண்டு. அதன்மேல் சைக்கிள் டியூப். எல்லோர் முன்னாலும் கேலி செய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய் அதையே அவரும் கட்டியிருக்கிறார். பை பல் போனவர் கன்னம்போல உள்ளே ஒட்டிக் கிடந்தது.

அந்தப் பக்கம் டிரைவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வாங்கிய கேலிக்கெல்லாம் ஈடு கொடுக்க, தக்க சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்கள். "நிதானம், நீ ஆரம்பிச்சு வையேன்பா" என்று ஒருவர் கண்ணடித்தார். ஒரு வார்த்தை போதும். 'அண்ணே, பம்பு போகல, பைதான் போட்டிருக்கீங்க' என்றால் முற்றம் கூரையேறிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் தன்னுடைய பழைய அவமானமெல்லாம் கரைந்துபோகும். நிதானத்துக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

நெடுஞ்சாலை ஓரம் வெயிலில் நின்ற அந்த மதியமும், நோயாளிகள் தூங்குகிறார்களே என்று காதருகே குனிந்து பேசியதாகச் சொன்ன அந்தக் குரலும் கூடவே வந்தன.

"எல்லா வண்டிக்கும் வர்றதுதாண்ணே" என்றார். "டீ குடிச்சிட்டு வாங்க. நீங்க போங்க, நான் கேனை ஏத்திட்டு வர்றேன்."

எல்லோரும் டீக்கடைப் பக்கம் போனார்கள். பேச்சும் சிரிப்பும் வாசலைத் தாண்டி மறைந்தன. முற்றத்தில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

நிதானம் தன் வண்டியின் டேஷ்போர்டைத் திறந்தார். உள்ளே குட்டிம்மாவின் ஆணி இருந்தது. என்றைக்கோ அதை எடுத்துவைத்தவர் அவர்தான். அதிசயமாக, உறை போடாமல். அதை எடுத்துக்கொண்டு பீரங்கியின் டாங்க் அருகே போய் முழங்காலிட்டுக் குனிந்தார். பையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் தெரிந்துவிடும். கண் படாத அடிப்பக்கத்தில், தண்ணீர் ஏறி வராத இடமாகப் பார்த்து, ஆணி முனையால் மெல்லக் குத்தினார். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்று.

டாங்க் நீளமாக மூச்சிழுத்தது. ஒட்டிக் கிடந்த பை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, தூக்கம் கலைந்த குழந்தையின் கன்னம்போல எழுந்துவந்தது.

அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை அங்கேயே முழங்காலிட்டிருந்தார். பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, முதல் கேனைத் தோளில் தூக்கினார்.